யாரும் கேட்காத கேள்வி

எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு முன், மதுரையில் ஒரு மருத்துவமனையில் பத்துப் பக்கப் படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், குறட்டை, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தாம்பத்தியத்துக்கு ஒரே கேள்விதான்: குழந்தை உண்டா? 'இல்லை' என்று எழுதினேன். அப்போது கல்யாணமாகி ஏழு வருஷம். எடை 112 கிலோ.

பத்தொன்பது வயதில் எனக்குப் பிசிஓடி என்றார்கள். சின்னமனூரில் எல்லோரும் சொன்ன வைத்தியம், "கல்யாணம் பண்ணுனா சரியாப் போகும்." சரியாகவில்லை. மாத்திரை போட்டால்தான் மாதவிடாய் வரும். தாடையில் முளைத்த முடியை விடிவதற்குள் எடுத்துவிடுவேன். இரவில் விளக்கை அணைத்த பிறகும், வயிறு அவர் கையில் படக்கூடாதே என்பதுதான் என் கவலை. எனக்கு ஆசையே கிடையாது என்று நம்பியிருந்தேன்.

என் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். மூன்றாம் மாதம், மாத்திரை இல்லாமலே மாதவிடாய் வந்தது. காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொழுப்பு சும்மா கிடக்கும் சதை அல்ல, அதுவும் ஹார்மோன் செய்யும் உறுப்பு. ஆண்ட்ரோஜனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இன்சுலின் மிகும்போது சினைப்பை டெஸ்டோஸ்டிரோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. எடையும் இன்சுலினும் குறையும்போது பலருக்கு இந்தச் சிக்கல் தளர்கிறது, கருமுட்டை வெளிப்படத் தொடங்குகிறது.

கூடவே ஆசையும் வந்தது. முதலில் பயந்துபோனேன். ஹார்மோன் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். மூச்சு வாங்கவில்லை, முழங்கால் வலிக்கவில்லை, வெட்கமும் கொஞ்சம் விலகியிருந்தது. 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 106 பெண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தது. அவர்களுடைய ஹார்மோன் அளவுகளும் பாலுறவு அனுபவமும் மேம்பட்டிருந்தன. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்பதில்லை. எனக்கும் முடி கொத்தாகக் கொட்டியது, தொடையில் தோல் தொங்கியது. "முன்னாடியே நல்லாத்தான இருந்த" என்றார் கணவர். அதை அந்த ஏழு வருஷத்தில் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, ஒரு நர்ஸ் அக்கா போகிறபோக்கில் சொன்னார்: "ஒன்றரை வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம்மா." பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் தள்ளிப்போடுவதுதான் பொது அறிவுரை. எடை வேகமாகக் குறையும் காலத்தில் இரும்பு, ஃபோலேட், பி12, கால்சியம் எல்லாமே தாய்க்கே பற்றாது. ஆனால் அந்தக் காலத்தில்தான் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. குடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். இதையெல்லாம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னேன். "பிள்ளைக்காகத்தான தாயி வயித்த அறுத்துக்கிட்ட?" என்றார் அத்தை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இத்தனை வருஷம் ஊர்ப் பேச்சைக் கேட்டவர் அவரும்தான். மாமா திராட்சைத் தோட்டக்காரர். கவாத்து செய்த கொடிக்கு எருவும் தண்ணீரும் கொடுக்காமல் காய் கேட்பாரா என்று கேட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

மறுவாரம் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தனியாகப் போய் காப்பர்-டி போட்டுக்கொண்டேன். என் உடம்பைப் பற்றி யாரிடமும் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது. அந்த ஒன்றரை வருஷம்தான், பிள்ளைக் கணக்குப் பார்க்காமல் நான் கணவரோடு படுத்த காலம்.

உத்தமபாளையத்தில் என் சித்தி மகள் இப்போது இதே சிகிச்சைக்குத் தயாராகிறாள். "வலிக்குமாக்கா?" என்று கேட்டாள். வலியைப் பற்றிச் சொன்னேன். கருத்தடை, சத்து மாத்திரை, காத்திருக்க வேண்டிய மாதங்கள் பற்றியும் சொன்னேன். பிறகு, அந்தப் படிவத்தில் இல்லாததைக் கேட்டேன்: "உனக்கு ஆசை இருக்கா?"

நெடுநேரம் அவள் தலை நிமிரவில்லை. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து பேச ஆரம்பித்தாள்.