எந்தக் கடவுச்சொல்?

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு ஆறு நாட்களே எஞ்சியிருந்த ஒரு காலைப்பொழுதில், எனது மடிக்கணினி என்னை அறியாததுபோல் நோக்கிற்று. முன்னிரவு வழமையான இற்றைப்படுத்தலுக்கு இணங்கிவிட்டு உறங்கியிருந்தேன். விடிந்ததும் திறந்தால் நீலத் திரையில், ஆங்கிலத்தில், மீட்புத் திறவியைத் தருமாறு ஓர் அறிவிப்பு. நாள்தோறும் இடும் கடவுச்சொல்லை இட்டேன். எழுத்துக்களை அது ஏற்கவேயில்லை. இலக்கம்தான் வேண்டும்போலும் என்றெண்ணி, வங்கி அட்டையின் இரகசிய எண்ணைக்கூட இட்டுப் பார்த்தேன். கேட்பது யார் என்று அப்பொழுது நான் வினவவில்லை. கள்வன் ஒருவன் அதே நீலத் திரையை வரைந்து வைத்திருந்தாலும் அவனுக்கும் அதனையே கொடுத்திருப்பேன்.

அது வேண்டிநின்றது 48 இலக்கங்களை. அப்படியொன்றை நான் ஒருபோதும் உருவாக்கியதில்லை.

என் எழுத்து அழிந்தால் மீளவும் எழுதலாம். ஆனால் படுவான்கரைக் கிராமங்களிற் கூத்து அண்ணாவிமாரிடம் பதிந்த பாடல்களும் அக்கணினியிலேயே இருந்தன; பாடித் தந்தவர்களுள் முதியவர் ஒருவர் இடையிற் காலமாகியும் விட்டார். வேறு பிரதி எடுத்து வையாதது என் குற்றமே.

நடந்தது என்னவென்று பின்னரே விளங்கிற்று. வட்டிலுள்ள யாவும் மறைகுறியாக்கப்பட்டிருக்கின்றன. கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் நிரல்களின் அளவீடுகளை ஒரு சிறு சில்லு காத்துவைத்திருக்கிறது. அவை முன்போல் இருந்தால் மட்டுமே திறவியை விடுவிக்கும். இற்றைப்படுத்தல் அந்நிரல்களை மாற்றியமைக்க, சில்லு ஐயுற்றது. கள்வனின் கைவேலைக்கும் கொத்தனின் திருத்தவேலைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. பூட்டு தன் கடமையையே செய்தது. அதனை நான் நோவேன் அல்லேன். ஆயினும், இன்ன மாற்றத்தால் கேட்கிறேன், நீ அறிந்த கடவுச்சொல் அன்று, இது வேறு என்று தெளிவாய்ச் சொல்ல அத்திரைக்கு எத்தனை வரி வேண்டும்? 1960களின் தொடக்கத்தில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் பலர் பகிர்ந்த கணினியிற் கடவுச்சொல்லைப் புகுத்தியபோது, ஆளுக்கொரு சொல். அச்சொல் இன்னதென்பதில் ஐயமில்லை. இன்றோ ஒரே கணினியில் மூன்று நான்கு காவலர். எல்லோருக்கும் ஒரே குரல்.

அக்கணினியை முதலில் ஆயத்தஞ்செய்தவர் என் தமையனார். இப்பொழுது கடல்கடந்த தேசத்தில். திறவி அவரது கணக்கிலேயே, அவரும் அறியாமல், கிடந்தது. அங்கே நள்ளிரவு, தொலைபேசியில் எழுப்பினேன்.

"பதறாத, ஒவ்வோர் இலக்கமாச் சொல்லுறன், எழுது" என்றார்.

ஆறாறாக எட்டுக் கூறுகள். ஒவ்வொரு கூறும் 11 ஆல் மீதியின்றி வகுபடுமாறு அமைந்தது என்பதால் செவிப்பிழை எளிதில் அகப்பட்டுவிடும். ஐந்தாவது கூறில் எனக்கு அகப்பட்டது. எட்டாவதும் முடிந்தபின், பழைய திரை வந்தது. முதலில் அம்முதியவரின் பதிவைத் திறந்து, அவர் செருமித் தொண்டையைச் சரிசெய்யும் ஓசை வரை கேட்டேன்.

அந்த 48 இலக்கங்களையும் தாளொன்றில் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். காணி உறுதிகளோடு அலுமாரியில் வைத்திருக்கிறார்.