லடாக் வீட்டில் கழிவு நீருக்கும் மரியாதை!

என் தங்கை கணவருக்கு லே நகரில் மத்திய சர்க்கார் உத்தியோகம். 2023 பிப்ரவரியில் அவர்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அப்பப்பா, என்ன குளிர்! ஊர் இருப்பதே சுமார் 11,500 அடி உயரத்தில். போய்ச் சேர்ந்த முதல் இரண்டு நாளும், "மூச்சு பழகட்டும், படுத்துக்கோ அக்கா" என்று தங்கை என்னை எழுந்திருக்கவே விடவில்லை.

பனிமலை நாட்டில் தண்ணீருக்கு என்ன குறை என்று நாம் நினைப்போம். ஆனால் அங்கே வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் மழை சுமார் 4 அங்குலம்தான். வயலுக்குப் பாய்வதெல்லாம் மலையில் உருகி வரும் பனி. அதை முறை வைத்துப் பங்கிட கிராமங்களில் 'சுர்பொன்' என்று ஓர் ஆளே உண்டு. குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்துவிடும். பிறகு லாரித் தண்ணீரும் கைபம்பும்தான் கதி. வாளி சுமப்பது யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்கள்தான்!

அப்படிச் சுமந்த நீரை ஒரே உபயோகத்தோடு கொட்ட மனசு வருமா? தங்கை வீட்டுக்காரம்மாளை எல்லோரும் 'ஆமாலே' என்கிறார்கள். அம்மா என்பதை மரியாதையாகச் சொல்வது. அவர் செய்திருந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த வீட்டுக் கழிப்பறைக்குத் தண்ணீரே வேண்டாம். மண்ணும் சாம்பலும் தள்ளினால் கீழே மக்கி எருவாகிறது. ஆகவே வெளியேறுவது குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய நீர் மட்டுமே.

"நிற்கவிட்டால் உறையும், இல்லாவிட்டால் நாறும்" என்றார் ஆமாலே. சூட்சுமம் அவ்வளவுதான். அதனால் தொட்டி கிடையாது. வைக்கோல் போட்ட ஓட்டை டின் ஒன்று எண்ணெய்ப் பிசுக்கையும் பருக்கையையும் பிடித்துக்கொள்கிறது. வைக்கோலை அடிக்கடி மாற்றி எருக்குழியில் போடுகிறார். அங்கிருந்து 2 அங்குலக் குழாய், அடிக்குக் கால் அங்குலம் சரிவாக, வீட்டுக்குள்ளேயே இறங்குகிறது. வெளியே போட்டால் ஒரே ராத்திரியில் ஐஸ் அடைத்துவிடுமே!

குழாய் முடிவது, தெற்குச் சுவரை ஒட்டிப் பாலிதீன் கட்டிய வெயில் அறையில். பாத்தி ஓரம் ஜல்லியும் மரச்சிராயும் நிரப்பிய வாய்க்கால். குழாயின் வாய் அதற்கு ஒரு சாண் மேலே தொங்குவதால் நீர் தேங்குவதில்லை. ராத்திரியில் பழைய கம்பளத்தால் மூடிவிடுகிறார்கள். கோடையில் குழாயைத் திருப்பினால் பாதாமி மரத்துக்குப் பாய்கிறது.

சில கண்டிப்புகள் உண்டு. குழந்தையின் மலத்துணி அலசிய நீர் இதில் சேரவே கூடாது; அதற்குத் தனிக் குழி. பிளீச்சிங் பவுடர், சலவை சோடா வேண்டாம். மழை இல்லாத மண்ணில் உப்பு தங்கிவிடும் என்பதால் அவ்வப்போது நல்ல நீரும் விட வேண்டும். இலைமேல் தெளிக்கக் கூடாது. பச்சையாகத் தின்னும் முள்ளங்கி, காரட்டுக்கு இந்தத் தண்ணீர் ஆகாது. கீரையையும் நன்றாக வேகவைத்தே சாப்பிடுகிறார்கள். குழந்தைகளை வாய்க்கால் பக்கம் விடுவதில்லை.

செலவு? ஒரு குழாய், ஒரு டின், கொஞ்சம் பாலிதீன். வெளியே தரையெல்லாம் கல்லாய் உறைந்து கிடக்கும் மாசி மாதத்தில், ஆமாலேயின் ஒன்பது மாதப் பேரனுக்குப் பருப்போடு மசித்த கீரை கிடைக்கிறது. வாளி சுமந்த மருமகளின் கைக்கு இதைவிட என்ன கூலி வேண்டும், சொல்லுங்கள்!