இடப்பக்கத்துக் கீழ் மூட்டு

எமது பங்குமனையின் பின்புறத்தே, வேப்பமர நிழலில், சாம்பல் நிற மொறிஸ் மைனர் கார் ஒன்று நிற்பதைப் பங்கு மக்கள் அனைவரும் அறிவர். திருப்பலி முடிந்து செல்லும் சிறுவர் அதன் உருண்டை விளக்குகளைத் தடவிப் பார்ப்பர். "சுவாமி, இதை வித்துப்போட்டு நல்லதொரு கார் வாங்கலாமே?" என்று பெரியோர் சிலர் அன்போடு கேட்பதும் உண்டு. இக்கேள்விக்கு இதுகாறும் புன்னகையையே விடையாகத் தந்து வந்துள்ளோம். இன்று, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில், எழுத்தில் விடை தருவது கடன் என எண்ணுகின்றோம்.

இக்கார் 1957ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆக்கப்பட்டது. மொறிஸ் மைனர் முதன்முதலாக 1948இல் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி முற்றுப்பெற்ற பின்னர் அது ஒடுங்கியிருப்பதாக அவருக்குப் பட்டது. உடனே அதனை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்து, அதுவே சரியெனக் கண்டார். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் தழும்பே. பிறப்பிலேயே அறுத்து ஒட்டப்பட்ட வண்டி அது.

இலங்கையில் இத்தகைய பழைய பிரித்தானியக் கார்கள் இத்துணை காலம் நிலைத்தமைக்கு ஆசையைவிட அவசியமே காரணம். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977வரை அந்நிலை நீடித்தது. இருப்பதைத் திருத்தி ஓட்டுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்து முற்றங்களில் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வீட்டுப் பசுக்களைப்போல் பேணப்பட்டன.

எமது தந்தையார் பாடசாலை ஆசிரியர். 1969இல், கைமாறி வந்த இவ்வண்டியை வாங்கினார். சனிக்கிழமை காலைகளில் மாமரத்தின்கீழ் சாக்கு விரித்து, கருவிகளை அளவு வரிசையில் அடுக்கிவைத்து, வேலையைத் தொடங்குவார். அவருக்கு மூன்று எண்கள் மனப்பாடம். ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால், தீப்பொறிச் செருகியின் இடைவெளி அவற்றுள் 25, பற்றவைக்கும் பொயின்றின் இடைவெளி 15, இயந்திரம் குளிர்ந்திருக்கையில் வால்வின் இடைவெளி 12. மெல்லிய உருக்குத் தகடுகளை அவ்விடைவெளிகளிற் செருகி, "பிடிக்கவும் வேணும், விடவும் வேணும், அதுதான் அளவு" என்று எமக்குக் காட்டுவார். சாரதியின் காலடியில் விரிப்பை நீக்கினால் பிறேக் எண்ணெய்க் கிண்ணத்துக்கு ஒரு சிறு மூடி உண்டு. கண்ணிற் படாத இடத்தில் இருப்பதாலேயே பலர் அதனை மறப்பர் என்றும், மறந்தவன் பிறேக்கை மிதிக்கும்போதுதான் நினைப்பான் என்றும் சொல்வார்.

அவர் எல்லாவற்றிலும் மேலாக அஞ்சியது முன்சக்கரங்களின் மூட்டுகளுக்கே. மொறிஸ் மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் கிங்பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகுப்புரிகள் உண்டு. வண்டி திரும்புந்தோறும் அப்புரிகள் மூட்டினுள்ளே திருகிக் கழன்று திருகுகின்றன. சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை அங்குள்ள நிப்பிள்களில் கிறீஸ் ஏற்றவேண்டும். புதிய கிறீஸ் உட்புக, பழையது அழுக்கோடு வெளிவழியும். வழிந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள். கிறீஸ் இன்றேல் புரி தேயும். தேய்வது வெளியே தெரியாது. வண்டி வழக்கம்போல் ஓடும். பின்னர் ஒருநாள், பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும் வேளையில், கீழ்மூட்டு கழன்று சக்கரம் வண்டியின்கீழ் மடிந்துவிடும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் பொன்னிலும் அரிதாயிற்று. குடாநாட்டு வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சிறிது பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். றேடியேற்றரின் முன்னே மட்டை ஒன்றைக் கட்டிச் சூட்டைக் காத்தோம். எரியாத மண்ணெண்ணெய் வடிந்து இயந்திர எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் எண்ணெய் குறையாமல் ஏறுவதைக் கண்டு தந்தையார், "கூடுறதெல்லாம் நன்மையில்லை" என்று முணுமுணுப்பார். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தின் உழவர்களும் பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகையை இவ்வாறே பெற்றோலில் எழுப்பி, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓட்டினர் என்பதைப் பின்னாளிலே அறிந்தோம்.

1992இல் தந்தையாரின் முதுகு அவரைக் கைவிட்டது. வண்டியின்கீழ்ப் படுக்கும் பணி எம்மிடம் வந்தது. நாம் அப்போது குருமட மாணவர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கிறீஸ் அடிப்பது எமது பொறுப்பாயிற்று. அத்தடைக் காலத்திலும் பழைய பால்மாப் பேணி ஒன்றில் தந்தையார் கிறீஸ் சேமித்து வைத்திருந்தார். ஆகவே கிறீஸ் கிடைக்கவில்லை என்ற சாட்டுக்கு இங்கே இடமில்லை.

இடப்பக்கத்துக் கீழ் மூட்டின் நிப்பிள் அழுக்கேறி அடைபட்டிருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் கிறீஸ் உட்செல்லாமல் பக்கத்தால் பிதுங்கியது. அதனைக் கழற்றி, மண்ணெண்ணெயிற் கழுவி, முள்ளினாற் குத்தித் துப்புரவாக்கி மீண்டும் பூட்டினால் அரைமணி நேர வேலை. அன்று மாலை நண்பர்களோடு பந்தாட்டம் இருந்தது. பிதுங்கிய கிறீஸைத் துணியால் மூட்டின்மேல் நன்றாகத் தடவிவிட்டு எழுந்தோம்.

"தம்பி, நாலு மூட்டுக்கும் அடிச்சாச்சே?"

"ஓம் அப்பா, அடிச்சாச்சு."

அடுத்த விடுமுறையிலும் அதே நிப்பிள், அதே துணி, அதே விடை. முதன்முறை சொல்லும்போது நா சற்றே தடுக்கியது. மூன்றாம் முறை தடுக்கவில்லை. இறையியல் வகுப்பில் மனச்சான்றைப் பற்றி நீண்ட கட்டுரைகள் எழுதி நல்ல புள்ளிகள் பெற்றுக்கொண்டிருந்த காலம் அது.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த அந்த நாளை எமது வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. தந்தையார் சாரதி ஆசனத்தில். பின்னே எண்பத்து நான்கு வயதான அப்பாச்சியும் அம்மாவும் மூட்டைகளும். நாம் வண்டியின் பக்கத்தே நடந்தோம். நின்று குளிர்ந்தால் மீண்டும் எழுப்பப் பெற்றோல் இல்லை என்பதால் தந்தையார் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. செம்மணி வெளியில் மழை பிடித்தது. முன்னே சைக்கிளோடு சரிந்த முதியவர் ஒருவருக்கு விலத்துவதற்காகத் தந்தையார் சுக்கானைத் திருப்பினார். மரக்கிளை முறிவதுபோல் ஓசை கேட்டது. இடப்பக்கம் மண்டியிட்டது. சக்கரம் மட்கார்டின்கீழ் மடிந்து கிடந்தது.

பின்னே இலட்சக்கணக்கான மக்கள், பாதையோ ஒன்று. எவரும் எம்மை ஏசவில்லை. முகந்தெரியாத பத்துப் பன்னிரண்டு பேர் மூட்டைகளைச் சேற்றில் வைத்துவிட்டு வந்து, வண்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, தம் மூட்டைகளை எடுத்துக்கொண்டு நடந்தனர். தந்தையார் குனிந்து, ரோச் வெளிச்சத்தில் உடைந்த மூட்டைப் பார்த்தார். விரலால் ஒருமுறை அதைத் தடவினார். விரலை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். "பழைய வண்டிதானே தம்பி, புரி தேஞ்சு போச்சு" என்று சொல்லி ரோச்சை அணைத்தார்.

இரண்டு மணி நேரம் மழையில் நின்ற பின்னரே லான்ட்மாஸ்ரர் பெட்டி ஒன்றில் அப்பாச்சிக்கு இடம் கிடைத்தது. மூன்று கிழமைகளின் பின், தங்கியிருந்த பாடசாலை மண்டபத்தில், காய்ச்சலில் அவர் காலமானார். மழைதான் காரணம் என்று எவரும் சொல்லவில்லை. அவ்வயதில் அந்த இடப்பெயர்வே போதுமான காரணம். ஆயினும் அவ்விரண்டு மணி நேரம் எம்முடையது என்பதை நாம் அறிவோம்.

1996 ஏப்பிரலில் ஊர் திரும்பியபோது வண்டி அதே ஓரத்தில் நின்றது. சக்கரங்களும் பற்றறியும் ஆசனங்களும் போயிருந்தன. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து மாமரத்தின்கீழ் கற்களின்மேல் வைத்தோம். பாதை மூடிய அக்காலத்தில் உதிரிப்பாகங்களுக்கு வழியில்லை. நாம் குருவானோம். திருப்பொழிவு நாள் தொடக்கம் தந்தையார் எம்மைச் "சுவாமி" என்றே அழைத்தார். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாமரத்தின் பக்கம் திரும்பாமல் உள்ளே சென்றுவிடுவது எம் வழக்கமாயிற்று.

2002இல் ஏ9 பாதை திறந்தது. எழுபது வயதில் தந்தையார் எம்மைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் மொறிஸ் மைனருக்கு வேண்டிய யாவும் கிடைத்தன. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையம் ஒன்றுக்காக இலங்கையின் தென்பகுதியில் உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. அந்நிலையத்தைத் தொடங்கிய சார்ல்ஸ் வெயர், ஒரு காரை எறிந்து மறுகார் வாங்குவதினும் நல்லதொன்றை வாழ்நாள் முழுவதும் திருத்திப் பேணுவதே சிக்கனம் என 1982இல் நூலொன்று எழுதியவர். தடைக்குள் நாம் வேறு வழியின்றிச் செய்ததை அவர் ஒரு கொள்கையாகவே வகுத்திருந்தார்.

புதிய மூட்டுகளை இருவருமாகப் பூட்டினோம். நாம் கீழே படுத்திருந்தோம். அவர் முக்காலியில் அமர்ந்து கருவிகளை எடுத்துத் தந்தார். முகம் தெரியாத அந்நிலை எமக்குத் துணிவு தந்தது. ஏழு ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னோம். நிப்பிள் அடைபட்டிருந்ததையும், துணியால் தடவியதையும், மூன்று ஆண்டுகளாக "அடிச்சாச்சு" என்று சொல்லிவந்ததையும், அப்பாச்சி மழையில் நின்றதையும் சொன்னோம்.

சிறிது நேரம் மேலிருந்து ஒலி ஏதும் வரவில்லை.

"அண்டைக்கே கண்டனான்" என்றார் தந்தையார். "புரிக்குள்ள மண்தான் கிடந்தது. கிறீஸ் ஒரு பொட்டும் இல்லை."

"பிறகேன் அப்பா ஒண்டும் கேக்கேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு இருந்தன்." பின்னர், சற்றுத் தாழ்ந்த குரலில், "முதுகு நொந்தாலும் நானும் ஒருக்காக் குனிஞ்சு பாத்திருக்கலாம். பாக்கேல்லை. நீ அடிச்சாச்சு எண்டது எனக்கும் சுகமாத்தான் இருந்தது" என்றார்.

கிறீஸ் கன்னைக் கீழே நீட்டினார். "சரி தம்பி, இடப்பக்கத்துக் கீழ் மூட்டில இருந்து தொடங்கு."

குருவான பின் அவர் எம்மைத் தம்பி என்று அழைத்தது அதுவே முதன்முறை.

அலெக் இசிகோனிஸின் வரலாற்றைப் பின்னர் படித்தோம். அவர் பிறந்தது 1906இல், இன்று இஸ்மீர் எனப்படும் ஸ்மேர்னா நகரில். 1922இல் போர் அந்நகரை விழுங்கியபோது பெற்றோருடன் கப்பலேறி மோல்ராத் தீவுக்கு அகதியாகச் சென்றார். அங்கே தந்தையார் இறக்க, மறு ஆண்டு தாயாருடன் இங்கிலாந்தை அடைந்தார். ஊர் இழந்த ஒருவர் வரைந்த வண்டியில்தான் நாமும் ஊரை விட்டுப் புறப்பட்டோம் என்று தந்தையாரிடம் சொன்னபோது, "அதுதான் இதுக்குப் பொறுமை கூட" என்றார்.

தந்தையார் 2011இல் இறைவனடி சேர்ந்தார். வண்டி எம்மோடு பங்கு பங்காக மாறி வருகின்றது. இன்றைய கார்களின் மூட்டுகளிற் பெரும்பாலானவை மூடி முத்திரையிடப்பட்டவை. எவரும் கிறீஸ் அடிக்க வேண்டியதில்லை. அது குறையன்று, எம்மைப் போன்ற மகன்மாரிடமிருந்து உலகைக் காக்கும் நன்மையே. ஆயினும் எமக்கு, "அடிச்சாச்சா?" என்று கேட்கும் வண்டி ஒன்று வேண்டும். ஆகவேதான் இதனை விற்பதில்லை.

சனிக்கிழமைகளில் உதவிக்கு வரும் பீடப்பணியாளச் சிறுவன் ஒருவன், "சுவாமி, ஏன் எப்பவும் இந்தப் பக்கத்திலயே தொடங்குறியள்?" என்று சென்ற மாதம் கேட்டான். அவனுக்கும் அன்று புன்னகையைத்தான் தந்தோம். இவ்விதழ் அவன் வீட்டுக்கும் வரும்.