காருக்கும் முறை வைத்தோம்

போன மே மாதம் மகன் மதுரையிலிருந்து மின்சாரக் காரில் வந்து இறங்கினான். தூத்துக்குடியிலேயே கார் கம்பெனி வந்துவிட்ட காலம், எட்டயபுரத்துக்கு ஒரு கார் வந்ததில் அதிசயம் இல்லை. ஆனாலும் தெருப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். சத்தமே இல்லையாம்.

வந்தவுடன் முன்னறை 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் வயரைச் செருகினான். மணி ஏழு. உள்ளே ஏசி ஓடுகிறது. மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரி கிரைண்டரில் மாவு ஆட்டுகிறாள்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி வாசலில் நின்றார்.

"சார்வாள், வோல்டேஜ் ரொம்ப இறங்குது. அப்பாவுக்கு வச்சிருக்க ஆக்சிஜன் மிஷின் விடாமக் கத்துது. உங்க வீட்ல எப்படி?"

எங்கள் வீட்டிலும் டியூப்லைட் மினுக்மினுக்கென்றது. மெயின் பக்கம் போனால் கருகல் வாசனை. ஃபியூஸ் கட்டை கையை வைக்க முடியாத சூடு. காரின் வயரைப் பிடுங்கினேன், மோட்டாரை நிறுத்தினேன். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மிஷின் கத்தியது முழுக்க எங்களால்தானா, தெருவில் அத்தனை ஏசியும் ஓடியதாலா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

"விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பணும்பா" என்று மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நானும் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன்.

பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கார் இழுப்பது 3.3 கிலோவாட். ஏசி ஒன்றரை, மோட்டார் முக்கால். இதற்கே ஐந்தரை. எங்கள் இணைப்புக்கு அனுமதி வாங்கியிருப்பது 3 கிலோவாட், அதுவும் நான் வேலையில் இருந்த காலத்தில் வாங்கியது. பேட்டரி நிறைய 30 யூனிட் வேண்டும், மதுரை போய்ச் சேர அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் போதும். ராத்திரி பதினொன்றுக்குப் போட்டால் ஐந்துக்குள் 19 யூனிட் ஏறிவிடும். மீட்டருக்கு எந்த நேரமும் ஒன்றுதான், யூனிட்டை மட்டும் எண்ணும். கம்பிக்கும் ஃபியூஸுக்கும் அப்படியில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் தாங்காது. தெருக்குழாயில் எல்லாக் குடமும் ஒரே சமயத்தில் நீட்டினால் என்ன நடக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சித்தப்பா ஞாபகம் வந்தது. கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். நடுச்சாமத்தில் டார்ச் லைட்டோடு பிஞ்சைக்குப் போவார். அத்தனை பேரும் பகலில் மோட்டார் போட்டால் லைன் தாங்காது என்பது அப்போதே நடைமுறை. நாங்கள் காருக்கு இப்போதுதான் கற்றுக்கொள்கிறோம்.

மறுவாரம் எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மீட்டரிலிருந்து காருக்கென்று தனி வயர், தனி எம்.சி.பி., எர்த் எல்லாம் போட்டோம். அனுமதி மின்பளுவைக் கூட்ட மனுவும் கொடுத்தோம். செலவுதான். இரண்டு மாதத்துக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டும் காரைச் சில தடவை நிறைத்தால் தீர்ந்துவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும், அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மகன் வந்தால் பதினொரு மணிக்குத் தானாகச் சார்ஜ் ஏறுகிற மாதிரி போனிலேயே நேரம் வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறான். எனக்குத்தான் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், பிளக் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறேன்.