நாங்கள் யாருக்குக் கத்துவது?

உதைபந்தாட்டம் பற்றிக் கதைக்கும்போது பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: நாட்டு அணி பிறப்போடு வருவது, கழகம் நாங்களாகத் தேடிக்கொள்வது. ஸ்தவாங்கரில் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது அப்படியே தலைகீழ். கழகம் தானாகவே வந்துவிடுகிறது. நாட்டு அணி என்று வரும்போதுதான் கேள்விகள் தொடங்குகின்றன.

கழகம் எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கழகத்தின் பெயர் வீக்கிங். 1899இல் தொடங்கிய கழகம், கடும் நீல நிறம். 1972 முதல் 1975 வரை தொடர்ந்து நான்கு தடவை நோர்வேச் சம்பியன். பிறகு 1979, 1982, 1991. நான் பிறந்தது 1990இல். அதாவது வீக்கிங் கிண்ணத்தைத் தூக்கியபோது எனக்கு ஒரு வயது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் முடித்தேன், பொறியியலில் முதுகலை முடித்தேன், வேலைக்குப் போனேன். வீக்கிங் மட்டும் சம்பியனாகவில்லை.

எங்கள் அப்பா குருநகர்க்காரர். பாடும்மீன் கழகத்தின் ஆட்டம் என்றால் அந்தக் காலத்தில் வலை வேலையையும் விட்டுவிட்டு ஓடுவாராம். யாழ்ப்பாணத்தில் கழகம் என்றால் அது ஊர்தான். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல் என்று ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகுதான் கழகத்தின் பெயரே வரும். அப்படி வளர்ந்தவர் எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தார். முதலில் வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஸ்தவாங்கர். இங்கே வந்ததும் அவர் கேட்ட முதற் கேள்விகளில் ஒன்று, "இந்த ஊர்க் கழகம் எது?" என்பதுதான். ஊருக்கு வந்தால் ஊர்க் கழகத்தோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நோர்வேஜிய மொழி சரியாக வராத அந்த நாட்களில், திங்கட்கிழமை வேலைத்தலத்தில் அவரால் கலந்துகொள்ள முடிந்த ஒரே கதை வீக்கிங்கின் கதை. ஆட்டக்காரரின் பெயரும் கோல் எண்ணிக்கையும் தெரிந்தால் போதும், இலக்கணம் யாரும் பார்ப்பதில்லை.

2002இல் எனக்குப் பன்னிரண்டு வயது. யூஈஎஃப்ஏ கிண்ணத்தில் செல்சி எங்கள் ஊருக்கு வந்தது. லண்டனில் நடந்த முதல் ஆட்டத்தில் 2-1 என்று வீக்கிங் தோற்றிருந்தது. ஸ்தவாங்கரில் 4-2 என்று வென்று செல்சியை வெளியே அனுப்பியது. அப்பாவோடு மைதானத்தில் நின்றேன். அடுத்த நாள் வகுப்பில் யாரும் என்னிடம் "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்கவில்லை. "நேற்று நீயும் அங்கே நின்றாயா?" என்றுதான் கேட்டார்கள்.

வெற்றி நாட்களில் கூட நிற்பது சுலபம். 2014 நடுப்பகுதியில் ஒரு பீப்பாய் எண்ணெய் 100 டொலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30 டொலருக்குக் கீழே போனது. ஸ்தவாங்கர் எண்ணெயால் வளர்ந்த ஊர். விலை விழுந்தபோது இங்கே பொறியியலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். நான் ஆலோசகராக இருந்த ஒரு திட்டமும் பாதியில் நின்றது. ஒரே தெருவில் மூன்று வீடுகளில் 'விற்பனைக்கு' என்ற பலகை தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். நண்பர்கள் ஒஸ்லோவுக்குப் போனார்கள். நானும் போகலாமா என்று யோசித்த காலம் அது. உள்ளூர் நிறுவனங்களின் பணத்தில் நிற்கும் கழகத்துக்கும் அதே இறுக்கம். 2017இல் வீக்கிங் லீக்கில் கடைசி இடத்துக்கு வந்து, இரண்டாம் நிலைக்கு இறங்கியது.

அந்த ஆண்டுதான் நான் சீசன் ரிக்கற் வாங்கத் தொடங்கினேன். இதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் கீழே போய்க்கொண்டிருந்தோம். சேர்ந்து போவதற்கு ஓர் இடம் தேவையாக இருந்தது. 2018இல் இரண்டாம் நிலையில் முதலிடம் பிடித்து வீக்கிங் மேலே வந்தது. 2019இல் ஒஸ்லோ உல்லேவாலில் ஹௌகசுந்தை 1-0 என்று வென்று நோர்வேக் கிண்ணம். கடைசியாக, 2025 நவம்பர் 30. கடைசி ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் வோலரெங்காவை 5-1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பூடோ கிளிம்ட்டை முந்தி, 34 ஆண்டுகளுக்குப் பிறகு சம்பியன். எழுபத்தொரு புள்ளி, எழுபது புள்ளி. முப்பது ஆட்டங்களில் எங்காவது ஒன்றில் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் மாறியிருந்தால் கதையே வேறு. அந்த அணியின் தலைவர் ஸ்லாத்கோ திரிபிச், 1992இல் பொஸ்னியாவில் பிறந்து நோர்வேயில் வளர்ந்தவர். அவர் பிறந்த ஆண்டு அங்கே போர் தொடங்கிய ஆண்டு. ஊர் முழுக்க அவரை 'எங்கள் கப்டன்' என்றுதான் சொல்கிறது.

இனி நாட்டு அணிக்கு வருகிறேன். இந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் நோர்வே விளையாடப் போகிறது. ஆண்கள் அணி இதற்கு முன் போனது மூன்றே தடவை: 1938, 1994, 1998. மூன்று தடவையும் நோர்வேயைத் தோற்கடித்த ஒரு நாடு உண்டு, இத்தாலி. 1938இல் மேலதிக நேரத்தில் 2-1. 1994இல் 1-0. அந்தப் பிரிவில் நான்கு நாடுகளும் ஆளுக்கு நான்கு புள்ளிகள் எடுத்தன. கோல் கணக்கில் நோர்வே கடைசி இடம் பெற்று வீட்டுக்குப் போனது. 1998இல் பிரேசிலை 2-1 என்று வென்று நாடே நித்திரை கொள்ளாமல் கொண்டாடியது. நான்கு நாட்களில் அதே மார்செய் நகரில் இத்தாலியிடம் மறுபடியும் 1-0 தோல்வி.

இந்தத் தகுதிகாண் சுற்றில் யாரோடு ஒரே பிரிவில் மாட்டினோம்? இத்தாலியோடுதான். ஒஸ்லோவில் 3-0, மிலானில் 4-1. எட்டு ஆட்டங்களில் எட்டும் வெற்றி, 37 கோல்கள். அதில் 16 கோல்கள் எர்லிங் ஹாலண்ட் அடித்தவை. அவர் வளர்ந்த புரூன, எங்கள் ஊரிலிருந்து ரயிலில் சிறிது நேரம்தான். இத்தாலிக்கு எதிரான இரண்டு ஆட்டங்களிலும் கோல் அடித்த இன்னொருவர் அன்தோனியோ நூசா. அவருடைய தந்தை நைஜீரியர்.

இதோடு பெண்கள் அணியையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பெண்கள் 1995இலேயே உலகக் கிண்ணத்தை வென்றுவிட்டார்கள். 2000இல் ஒலிம்பிக் தங்கம். நோர்வே உதைபந்தாட்டம் 28 ஆண்டுகள் காத்திருந்தது என்று யாராவது சொன்னால், 'ஆண்கள் உதைபந்தாட்டம்' என்று திருத்துங்கள், தங்கைமாரே.

மிலான் ஆட்டம் முடிந்த அந்த வாரம் என் அக்காவின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். வயது பதினாலு. ஊர்ப் பிள்ளைகள் கழகத்தில் வலதுபக்கம் விளையாடுகிறான். சிவப்பு நோர்வேச் சட்டை வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேட்டான்: "மாமா, நோர்வே வெண்டால் நாங்கள் வெண்டதோ?"

பிறகுதான் விசயம் வெளியே வந்தது. மிலான் ஆட்டத்துக்கு அடுத்த நாள் பள்ளியில் அவனும் சத்தம் போட்டிருக்கிறான். "நீ ஏன் கத்துகிறாய், இது உன்னுடைய நாடா?" என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். சிரித்துக்கொண்டே கேட்ட கேள்விதான். ஆனால் சிரித்துக்கொண்டு கேட்பது சில நேரம் கூட ஆழமாகப் போகும். அதே கிழமை தமிழ் விளையாட்டு விழாவுக்குப் பழகும் இடத்தில், இன்னொரு பெரியவர் அவனைப் பார்த்து, "நீங்கள் எல்லாம் நோர்வேக்காரர் ஆகிவிட்டீர்கள்" என்று பகிடி விட்டிருக்கிறார். ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் பதினாலு வயதுப் பிள்ளை எங்கே போய் நிற்பது?

நான் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு சட்டை போட்டவர்கள் நோர்வேயிலேயே இருக்கிறார்கள். வடக்கே சாமி மக்களுக்கு சாப்மி என்று ஓர் அணி உண்டு. ஃபீஃபா அதை ஏற்றுக்கொள்வதில்லை. அப்படி அங்கீகாரம் இல்லாத அணிகளுக்கான உலகக் கிண்ணத்தை 2006இல் சாப்மி வென்றது. அந்த அணியில் விளையாடிய தூம் ஹோக்லி பிறகு நோர்வே தேசிய அணிக்கும் பல ஆண்டுகள் விளையாடினார். ஒன்றைப் போட்டதால் மற்றதைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. அதே வகைப் போட்டி 2014இல் சுவீடனில் ஓஸ்தர்சுந்தில் நடந்தபோது தமிழீழ அணியும் விளையாடியது. புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த பிள்ளைகள் சேர்ந்த அணி. அவர்களுக்குக் கத்துவதும் நோர்வேக்குக் கத்துவதும் ஒன்றையொன்று வெட்டும் வேலை இல்லை.

இரண்டாவது, தேசிய அணி என்பதே தெரிவுதான். ஹாலண்ட் பிறந்தது இங்கிலாந்தில், லீட்சில். அவர் இங்கிலாந்துக்கும் விளையாடியிருக்கலாம். வளர்ந்த இடத்தின் சட்டையைத் தெரிவு செய்தார். அவருடைய தெரிவை யாரும் கேள்வி கேட்பதில்லை, உன்னுடையதைக் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் நிறம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை மறைத்துப் பேசிப் பிரயோசனம் இல்லை. ஆனால் அது கேட்பவரின் குறை, உன்னுடைய உரிமையின் குறை இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. நோர்வேயில் விளையாட்டுக் கழகம் என்பது உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம். இங்கிலாந்தில் போல ஒரு பணக்காரர் வந்து ஒரு கழகத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போக முடியாது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கித்தான் நிர்வாகத்தைத் தெரிவு செய்கிறார்கள். பதினைந்து வயதாகும் ஆண்டிலிருந்து உனக்கு வாக்குரிமை உண்டு. சந்தாவைக் கட்டி, உறுப்பினராகி ஒரு மாதம் போயிருந்தால் போதும். கடவுச்சீட்டு கேட்பதில்லை. எங்கள் அப்பாவுக்கு நோர்வேக் குடியுரிமை கிடைப்பதற்கு முன்னமே கழகக் கூட்டத்தில் வாக்கு இருந்தது. இந்த நாட்டில் அவர் கை தூக்கிய முதல் இடம் அது.

பிள்ளைகள் கழகங்களில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் புள்ளி அட்டவணை கிடையாது, யார் முதல் யார் கடைசி என்று எழுதக்கூடாது என்பது இங்கே விதி. பயிற்றுநர் பெரும்பாலும் ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ. டுக்னாட் நாளில் ஒருவர் வாஃபல் சுடுவார், ஒருவர் வலை கட்டுவார். எங்கள் அம்மாவின் றோல்ஸ் விற்ற காசில் ஒரு தடவை எங்கள் அணிக்குப் புதுப் பந்துகள் வந்தன. அந்தப் பந்தை உதைத்த பிள்ளைகளில் யாரும் அது எந்த நாட்டுப் பலகாரத்தின் காசு என்று கேட்கவில்லை.

அதனால் அவனுடைய கேள்விக்கு என் பதில்: ஓம், நோர்வே வென்றால் நாங்கள் வென்றதுதான். எந்த வெற்றியிலும் பங்கு அதற்காக நின்றவர்களுக்கு உண்டு. வீக்கிங் 2017இல் இறங்கியபோது தோற்றவர்களில் நானும் ஒருவன். ஆகவே 2025இல் வென்றவர்களிலும் ஒருவன். நாட்டு அணிக்கும் கணக்கு அதேதான்.

ஜூனில் நோர்வே, பிரான்சும் செனகலும் இருக்கும் பிரிவில் விளையாடுகிறது. சுலபமான பிரிவு இல்லை. தோற்கவும் கூடும். தோற்றால் அடுத்த நாள் வகுப்பில் முகம் தொங்கிப்போய் இருக்கும் பிள்ளைகளோடு நீங்களும் முகம் தொங்கி இருங்கள். பிறகு உங்கள் ஊர்க் கழகத்தின் பொதுக்கூட்டம் எப்போது என்று பாருங்கள். பதினைந்து வயதாகிவிட்டதென்றால் போய்க் கை தூக்குங்கள். ஆகவில்லையென்றால் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.