சக்கரங்களின் மேல் குடியிருப்போர்க்குக் காப்பீடு

இந்தியக் காப்பீட்டுச் சந்தைக்கு வாகனம் தெரியும், வீடும் தெரியும். இரண்டும் ஒன்றாக நிற்கும் பொருளுக்கு அதனிடம் தனிப் படிவம் இல்லை. மோட்டார் பாலிசி பதிவு எண்ணைக் கேட்கிறது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீடு கட்டடத்தின் முகவரியைக் கேட்கிறது. படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனில் ஆண்டின் பாதியைக் கழிப்பவரிடம் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. தம் வாழ்வின் எந்தப் பகுதி இவ்விரு படிவங்களுக்கும் நடுவே விடுபடுகிறது என்று கண்ட பிறகே அவர் பிரீமியத்தை ஒப்பிட வேண்டும்.

புனேயில் பணியாற்றும் மானுடவியல் ஆய்வாளர் ஒருவர் இதைத் தம் களப்பணியின் பொருட்டே கற்க நேர்ந்தது. தக்காணத்துத் தங்கர் மேய்ப்பர்களின் பருவகால இடப்பெயர்வு அவரது ஆய்வுப்பொருள். தீபாவளிக்குப் பின் ஆட்டு மந்தைகள் கொங்கணத்தை நோக்கி இறங்கும். மழைக்கு முன் மேடேறித் திரும்பும். அந்த மாதங்களில் மந்தைகளின் அருகிலேயே தங்க வேண்டும் என்பதால், அவரும் மொழிபெயர்ப்பாளரான அவர் கணவரும் குடியிருக்கத்தக்க வேன் ஒன்றை அமைத்துக்கொள்ள முடிவு செய்தனர்.

முதல் தேர்வு காப்பீட்டு நிறுவனத்தில் தொடங்கவில்லை, பட்டறையில் தொடங்கியது. பழைய வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, தச்சரைக் கொண்டு மரவேலை செய்துகொள்வதே செலவு குறைந்த வழி. ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதனை உறுதி செய்தது. பத்து இருக்கைகள் எனப் பதிவாகிய வண்டியில் இரண்டு இருக்கைகளும் ஒரு கட்டிலும் இருந்தால், விபத்துக்குப் பின் வரும் மதிப்பீட்டாளரின் அறிக்கை அந்த முரணிலிருந்தே தொடங்கும். எனவே அவர்கள், குடியிருப்பு வாகனங்களுக்கான ஏ.ஐ.எஸ். 124 தரநிலைப்படி ஒப்புதல் பெற்ற பட்டறையை நாடினர். செலவு கூடியது, வேலை முடியும் காலமும் நீண்டது. ஆயினும் பதிவுச் சான்றிதழில் அது தனிப் பயன்பாட்டுக்கான கேம்பர் வேன் என்றே பதிவாயிற்று.

அடுத்தது பாலிசி. 146ஆம் பிரிவு கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டின் கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. அப்பகுதியில் நிறுவனங்களை ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. வேறுபாடு முழுவதும் சொந்தச் சேதப் பகுதியில்தான். முகவர் இரண்டு மதிப்பீடுகளை எடுத்து வந்தார். ஒன்றில் வேன் மட்டும் இருந்தது. மற்றொன்றில் சூரியத் தகடுகள், லித்தியம் மின்கலம், குளிர்பெட்டி ஆகியவற்றின் மதிப்பாக 2 லட்சம் ரூபாய் தனியே காட்டப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் இத்தகைய மின்சாரத் துணைக்கருவிகளுக்கு அவற்றின் மதிப்பில் 4 விழுக்காட்டைக் கூடுதல் பிரீமியமாக வைத்தன. அக்கணக்கில் ஆண்டுக்கு 8,000 ரூபாய் மிகும்.

"இதையெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள், மேடம்? யாரும் உள்ளே ஏறிப் பார்ப்பதில்லை," என்றார் முகவர். அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் பணத்தை மிச்சப்படுத்தவே விரும்பினார். எனினும் காப்பீடு மிகுநன்னம்பிக்கை என்னும் கோட்பாட்டின் மேல் நிற்கும் ஒப்பந்தம். 1963ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதனை எழுத்தில் வைத்துள்ளது. பிற காப்பீடுகளிலும் நீதிமன்றங்கள் அதையே அளவுகோலாகக் கொள்கின்றன. இடரை மதிப்பிடுவதற்குத் தேவையான செய்தி காப்பீடு பெறுபவருக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. அதை மறைத்துப் பெற்ற பாலிசி, தேவைப்படும் நாளில் கைவிடக்கூடும். வழக்கமான மோட்டார் பாலிசி தீயையும் வெடிப்பையும் தானே தீப்பற்றுதலையும் ஏற்கிறது. ஆனால் அறிவிக்கப்படாத அடுப்பிலிருந்தோ மின்கலத்திலிருந்தோ அத்தீ எழுந்தால், முழு வண்டிக்குமான இழப்பீடே வழக்காகிவிடும். 8,000 ரூபாயை இந்த வழக்கோடு வைத்தே அவர்கள் எடைபோட்டனர், அறிவித்துவிட்டனர்.

அறிவித்ததால் எல்லாம் கிடைத்துவிடாது. பகுதிச் சேதத்தில் மின்கலம், டயர், நெகிழிப் பாகங்கள் ஆகியவற்றுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படுவது வழக்கம். 90,000 ரூபாய் மின்கலம் பழுதானால் 45,000 ரூபாய் கைப்பணம் போகும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு மின்கலத்துக்கும் பொருந்துமா என்பதை அவர்கள் எழுத்தில் கேட்டுப் பெற்றனர்.

பாலிசியின் சொற்களை ஓர் ஆய்வேட்டைப் போலப் படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, வண்டியை ஓட்டுதல், ஏறுதல், இறங்குதல், உடன் பயணித்தல் என்று செயல்களை அடுக்குகிறது. உறக்கம் அப்பட்டியலில் இல்லை. சமையலும் இல்லை. நிறுத்திய வண்டிக்குள் நள்ளிரவில் நேரும் தீங்கு வாகனத்தோடு நேரடித் தொடர்புடையதா என்பது வாதத்துக்குரியது. கணவரோ அக்காப்புக்குள்ளேயே வரமாட்டார். ஆகவே வாகனத்தைச் சாராத தனிநபர் விபத்துக் காப்பீட்டை இருவரும் தனித்தனியே எடுத்தனர்.

துறையிலிருந்து ஒரு கோரிக்கையும் வந்தது. முதுகலை மாணவர்களின் களப்பயணத்துக்கு வேனைத் தந்தால் நாள் வாடகை தரலாம் என்றனர். அன்புடன் கேட்டதுதான். ஆனால் தனிப் பயன்பாட்டுப் பாலிசி, வாடகைக்கோ கட்டணத்துக்கோ வண்டியை விடுவதை வெளிப்படையாக விலக்குகிறது. அவர் மறுத்தார். மாணவர்கள் சிலர் அதைக் கஞ்சத்தனமாக எண்ணியிருக்கக்கூடும்.

இறுதியில் எஞ்சியவை வண்டியின் பாகமல்லாத பொருள்கள். மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி, நிழற்படக் கருவி ஆகியவற்றை மோட்டார் பாலிசி தனியுடைமை என்று ஒதுக்கிவிடும். அவற்றுக்கென எடுத்துச்செல்லும் பொருள்களுக்கான காப்பீடு உண்டு. ரசீதும் வரிசை எண்ணும் இருந்தால் போதும். மேய்ப்பர்களின் ஆடுகளைக் காப்பீடு செய்வதற்கும் காதில் எண் பொறித்த பட்டை வேண்டும். எண்ணிட்டு அடையாளம் காட்ட முடிந்ததையே காப்பீடு ஏற்கிறது.

அவரிடம் இருந்த பதினொரு களக்குறிப்பேடுகளுக்கு ரசீதும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. முதியவர்கள் சொன்ன பழைய வழித்தடங்கள், வற்றிப்போன நீர்நிலைகளின் பெயர்கள், மந்தை தங்கிய வயல்களின் கணக்கு எல்லாம் அவற்றில் இருந்தன. சொன்னவர்களுள் சிலர் இன்று உயிருடன் இல்லை. அவற்றுக்கு இழப்பீடு கோர எந்தப் படிவத்திலும் இடமில்லை. பாலிசி கைக்கு வந்த வாரத்தில் இருவரும் அமர்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் வருடிப் படியெடுத்தனர். ஒரு படி துறை நூலகத்துக்குச் சென்றது. மற்றொன்று உறவினர் வீட்டு அலமாரிக்கு. வேன் கொங்கணத்துக்குப் புறப்பட்டபோது அதில் வெற்றுக் குறிப்பேடுகள் மட்டுமே இருந்தன.