ஷட்டரை இறக்கியது நான்தான்

பாபநாசம் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் பார்க்கும் வேலைக்கு ஸ்டோரேஜ் அட்மின் என்று பெயர். "குடோன் கணக்குப்பிள்ளைன்னு சொல்லு" என்பாள் அம்மா. அது ஒன்றும் தப்பில்லை. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டி இருக்கிறது. அதிலுள்ள எட்டு போர்ட்டுகள் வழியாக நாற்பது சர்வர்களுக்குத் தரவு போகிறது. ஒரு 16 ஜிகாபிட் போர்ட்டில் நொடிக்குச் சுமார் 1,600 மெகாபைட் போகும். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் பத்தாது. யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பதுதான் என் பாடு.

அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று முன்னுரிமை, இன்னொன்று உச்சவரம்பு. ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

முன்னுரிமையை எங்கள் ஊர்க்காரனுக்கு விளக்கவே வேண்டாம். பாபநாசம் அணை 143 அடி நிறைந்து கிடக்கும்போது யார் முதலில் என்ற பேச்சே வராது. தண்ணீர் குறைந்தால்தான் வரிசை. முதலில் குடிநீர், அப்புறம்தான் வயல். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருந்தாலும், கார் சாகுபடிக்கு வடக்கு, தெற்கு கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் ஆகிய நான்கு கால்வாய்களின் 18,090 ஏக்கருக்கு மட்டும் தண்ணீர் திறந்த வருஷங்கள் உண்டு. கீழே இருப்பவர்கள் மனுவோடு நடப்பார்கள். உச்சவரம்பு அப்படியில்லை. அது இறக்கி வைத்த ஷட்டர். ஆறு நிறையப் போனாலும் உனக்கு இவ்வளவுதான்.

எங்கள் வாடிக்கையாளரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். காலையில் அவர்களுடைய டேட்டாபேஸ் திணறியது. தேடிப் பார்த்தால், காரணம் பேக்கப் சர்வர். அதில் பழைய 8 ஜிகாபிட் கார்டு. நொடிக்கு 800 மெகாபைட்தான் வாங்க முடியும், ஆனால் கேட்பது அதற்கு மேல். சாதாரண நெட்வொர்க் என்றால் நெரிசலில் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு மறுபடி அனுப்பிக்கொள்ளும். ஃபைபர் சேனலில் அப்படிப் போடுவதில்லை. எதிர்முனை 'இடம் இருக்கு' என்று கிரெடிட் கொடுத்தால்தான் அடுத்த ஃபிரேம் கிளம்பும். ஒருத்தன் வாங்கச் சுணங்கினால் சுவிட்சில் வரிசை தேங்கி, சம்பந்தமில்லாத சர்வரும் அதில் மாட்டிக்கொள்ளும். இந்த இடத்தில் முன்னுரிமை பெரிதாக உதவாது, உச்சவரம்புதான் மருந்து. 700 வைத்திருந்தால் போதும். பயத்தில் 200 வைத்தேன். டேட்டாபேஸ் பறந்தது. மேனேஜர் மெயிலில் பாராட்டினார்.

நான் மறந்துவிட்டேன். பேக்கப் ராத்திரி முழுக்க ஓடி எப்படியோ முடிந்துகொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு அப்டேட் சொதப்பி அந்த டேட்டாபேஸ் கெட்டுப்போனது. 6 டெராபைட் திரும்ப ஏற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டேன். திரை எட்டு மணி நேரம் காட்டியது. கேபிள், டிஸ்க், சுவிட்ச் என்று இரண்டு மணி நேரம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். அங்கிருந்து ஒரு பெண் போனில் பேசினார். குரலில் கோபமே இல்லை. "பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டிருக்கோம் சார். டயாலிசிஸ் பேஷண்ட்டோட பழைய ரிசல்ட் வேணும்னு டாக்டர் கேக்காங்க, அது மட்டும் முதல்ல எடுக்க முடியுமா?" முடியாது. முழுசாக ஏறினால்தான் டேட்டாபேஸ் திறக்கும்.

அதற்குப் பிறகுதான் போர்ட் செட்டிங்கைப் பார்த்தேன். 200. பக்கத்தில் என் பெயர். பேக்கப் போகிற வழியில்தானே ரீஸ்டோரும் திரும்பி வரும்? எடுத்துவிட்டேன். மீதி இரண்டு மணி நேரத்துக்குள் ஏறியது.

கீழே இறங்கி வந்தபோது திண்ணையில் பெரியப்பா. கன்னடியன் கால்வாயில் லஸ்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். "என்னல, பேயறஞ்ச மாரி வார?" சொன்னேன். போர்ட் புரியவில்லை, ஷட்டர் புரிந்தது.

"நானும் பண்ணிருக்கேன்ல. கரை ஒடஞ்சிருந்து. சரிபண்ண ஷட்டர எறக்குனேன். சரியாயிட்டு. அன்னைக்குச் சாயங்காலமே கல்யாணத்துக்குன்னு மதுரைக்குப் போயிட்டேன். எறக்குனது எனக்கு மட்டுந்தான தெரியும்? நாலு நாள். கடைமடைல நாத்தங்கால் கருகிட்டு. யாரு வீட்டுதுங்க? ஒங்க அத்த வீட்டுது."

"அத்தை என்ன சொன்னா?"

"ஆறு மாசம் பேசல. மாமா பேசுனாரு. அதுதான் தாங்க முடியல."

எனக்கு அந்தப் போன் குரல் ஞாபகம் வந்தது.

இப்போது பேக்கப் சர்வருக்கு 700. ஒவ்வொரு வரம்புக்கும் பக்கத்தில் தேதி, காரணம், எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதுகிறேன். போன வாரம் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஏழு. அதில் இரண்டு எனக்கு முன்னால் இருந்த யாரோ போட்டவை. பெயரும் இல்லை, காரணமும் இல்லை. எடுத்தால் எந்தக் கரை உடையுமோ என்று இன்னும் கை வைக்கவில்லை.